சைரன் ஊதினால் எங்கே போவது

ஃபோர்ட் வேன், இண்டியானா
14 ஜனவரி 2024

அன்புள்ள ஷியாமளாக்காவுக்கு,

வள்ளிநாயகி எழுதுறன். கையெழுத்தைக் கண்டவுடனே கிழிச்சுப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திட்டீங்கள் எண்டால், மிச்சத்தையும் வாசிச்சிட்டுக் கிழியுங்கோ.

வாட்ஸ்அப்பில நான் அனுப்பினதுகள் எல்லாம் ஒற்றைக் கோட்டோட நிக்குது. நீங்கள் என்னை மறிச்சு வைச்சிருக்கிறீங்கள் எண்டு விளங்குது. அதாலதான் கடிதம். உங்கட ஒபிசின்ர பி.ஓ. பாக்ஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். ரக்ஷிதாவின்ர ஸ்கூல் ஃபோர்ம் எல்லாத்திலயும் அதை நிரப்பினது நான்தானே.

பதினொரு வருசம் அல் குசைஸில ஒரே ஃபிளாட்டில, ஒரு அடுப்பில, ஒரு ஃபிரிட்ஜில இருந்துபோட்டு, நீங்கள் தீபாவளி லீவுக்குத் திருச்சிக்குப் போன நேரம் பார்த்து, வாட்ச்மேனிட்டத் திறப்பைக் குடுத்திட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினது பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். வந்ததுக்குக் கேக்கேல்லை, சொல்லாமல் வந்ததுக்குத்தான் கேக்கிறன். ஏன் சொல்லேல்லை எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதை இண்டைக்கு எழுத எனக்கு ஏலாமல் கிடக்கு.

வந்த விதம் உங்களுக்கு இப்ப தெரிஞ்சிருக்கும். கிரீன் கார்டு லொத்தர், குலுக்கல். இலங்கையில பிறந்த ஆக்கள் போடலாம், இந்தியாவில பிறந்த ஆக்கள் போட ஏலாது. நான் போட்டன், விழுந்திட்டுது. அவ்வளவுதான்.

இது பெரிய ஊருமில்லை, சின்ன ஊருமில்லை. மூண்டு ஆறு வந்து சேருற இடம். இப்ப மூண்டும் பனியில உறைஞ்சு போய்க் கிடக்கு. இவருக்கு ஒரு கோடவுனில வேலை. பிரதீஸ் பள்ளிக்கூடம் போறான், வகுப்பில பதினாறு நாட்டுப் பிள்ளையளாம். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஃபக்டரியில சேர்ந்திருக்கிறன். என்ர வரிசையில எனக்கு வலப்பக்கம் பர்மா, இடப்பக்கம் கொங்கோ, முன்னால மெக்சிக்கோ. ஒருத்தருக்கும் ஒருத்தற்ற பாஷை தெரியாது. முதல் நாள் மெஷினில நூல் அறுந்து நிண்டபோது என்னையறியாமல் "பாய், ஜல்தி, ஜல்தி!" எண்டு கத்திப்போட்டன். மெக்கானிக் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அஸ்கர் அலி எண்டு பேர், ஆப்கானிஸ்தான் ஆள், குவெட்டாவில வளந்தவர். "நீ துபாயில இருந்தனியோ?" எண்டு உருதுவில கேட்டார். அண்டையில இருந்து ஃபக்டரியில எனக்கு ஒரு பாஷை இருக்கு. துபாய் தந்த பாஷை.

எங்கட தெருவில ஒரு பர்மாக் கடை இருக்கு. அங்க நல்ல கருவாடு கிடைக்குது.

அண்ணாவையும் ரக்ஷிதாவையும் கேட்டதாச் சொல்லுங்கோ. சொல்ல விருப்பமில்லாட்டில் விடுங்கோ.

வள்ளி


அல் குசைஸ், துபாய்
11 பிப்ரவரி 2024

வள்ளி,

கிழிக்கல. ஆனா மூணு நாள் ஆஃபீஸ் டிராயர்ல வச்சிருந்தேன். பதில் எழுதறதா வேண்டாமான்னு அதை விட அதிகமா யோசிச்சேன். எழுதறேன்னா மன்னிச்சுட்டேன்னு எடுத்துக்காத. திட்டறதுக்கும் ஒரு அட்ரஸ் வேணும்ல.

திருச்சியிலேருந்து உனக்குப் பிடிக்கும்னு அதிரசம் கட்டி எடுத்துட்டு வந்தேன். கதவைத் திறந்தா உங்க ரூம் காலி. அலமாரியெல்லாம் துடைச்சு, ஜன்னலைக் கூடத் துடைச்சு வச்சிருந்த. ரக்ஷிதா "வள்ளி ஆன்ட்டி எங்கே?"ன்னு கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியல. வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிருக்கு. எதிர் ஃப்ளாட் பிரபாவதிக்குத் தெரிஞ்சிருக்கு. சூப்பர் மார்க்கெட் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. பிரபாவதி என்கிட்ட வந்து, "உங்களுக்குத் தெரியாதா?"ன்னு ஆச்சரியப்பட்டப்போ என் முகம் எப்படி இருந்துச்சுன்னு நீ பார்த்திருக்கணும்.

ரக்ஷிதாவுக்கு அம்மை போட்டப்போ ஒன்பது நாள் நீதான் பக்கத்துல இருந்த. பிரதீஸுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது நான். சொந்த அக்கா தங்கச்சிகூட இப்படி இருக்க மாட்டாங்கன்னு ஊர்ல பெருமையா சொல்லிட்டிருந்தேன்.

இன்னொண்ணு. நீ போய் மூணு மாசம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள "எங்கட தெரு"ன்னு எழுதற. எனக்கு இங்க இருபத்திரண்டு வருஷம். என் பொண்ணு இங்கதான் பிறந்தா. எந்த சிக்னல்ல எவ்வளவு நேரம் நிக்கணும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். ஆனா எங்க ஊருன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அவர் விசா இருக்கற வரைக்கும்தானே நாங்க இங்க. பொறாமைன்னு நினைச்சுக்கோ. பொறாமைதான்.

காரணம் இருக்குன்னு எழுதியிருக்க. அது என்னன்னு எழுது. இல்லன்னா இனிமே எழுதாத.

ஷியாமளா


ஃபோர்ட் வேன்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

எழுதுறன். நாலு தரம் எழுதிக் கசக்கிப் போட்டன். இது அஞ்சாவது.

2022 நவராத்திரி. எங்கட ஹோலில கொலு. உங்கட சிநேகிதியள் எட்டுப் பேர் வந்திருந்தவை. நான் கடதாசித் தட்டில சுண்டல் போட்டுக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். ஆரோ கனடாவுக்குப் போன கதை வந்தது. அப்ப நீங்கள் சிரிச்சுக்கொண்டு சொன்னீங்கள்: "வள்ளிக்கென்ன, அகதின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எந்த நாடும் கதவைத் திறந்துடும். நாமதான் க்யூவுல நிக்கணும்." எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். சுண்டல் முடியும் வரைக்கும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டன்.

உங்களுக்கு அது நினைவிருக்காது. நீங்கள் கெட்ட மனசோட சொல்லேல்லை எண்டும் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் நான் லொத்தர் போட்டன். விழுந்தது எண்டு தெரிஞ்சபோது உங்களுக்குச் சொல்ல வாய் திறந்தன். அந்தச் சிரிப்புத்தான் காதில கேட்டுது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" எண்டு நீங்கள் சொல்லிப்போடுவீங்களோ எண்டு பயம். சொல்லியிருந்தால் நான் உங்களை வெறுத்திருப்பன். அதுக்குச் சொல்லாமல் வாறது நல்லது எண்டு நினைச்சன்.

இன்னொரு விசயமும் இருக்கு. துபாயில இதை நான் இவரைத் தவிர ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னது பொய்யில்லை அக்கா. நான் அகதிதான்.

தொண்ணூறாம் ஆண்டு, எட்டு வயதில, பருத்தித்துறையில இருந்து வள்ளத்தில வந்தனாங்கள். முதல் மண்டபம். பேந்து திருச்சி. கொட்டப்பட்டு முகாம். பதின்மூண்டு வருசம். இரண்டாயிரத்து மூண்டிலதான் திரும்பிப் போனனாங்கள்.

அல் குசைஸில முதல் நாள் நீங்கள் "திருச்சியில எங்க வீடு கே.கே. நகர்" எண்டு சொன்ன உடனே, அதுக்குப் பக்கத்தில இருந்த எங்கட முகாம்தான் கண்ணுக்குள்ள வந்தது. அந்த ஏர்போர்ட் ரோட்டில எத்தனை தரம் நடந்திருப்பன். ஆனால் வாய் திறக்கேல்லை. மலைக்கோட்டை எப்பிடி இருக்கும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில எப்பிடி இடிபடும் எண்டு பதினொரு வருசமாய் நீங்கள் எனக்கு விளங்கப்படுத்தினீங்கள். நான் புதுசாக் கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தன். சொன்னால் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிடும் எண்டு பயந்தனான். நீங்கள் சொல்லாமல் விட்டது ஒண்டுமில்லை. ஒளிச்சது எல்லாம் நான்தான்.

இனி இஞ்ச நடந்த ஒண்டு. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், வெளியால சைரன் ஊதிச்சுது. நீட்டுக்கு ஊதிச்சுது. எனக்கு நாற்பத்திரண்டு வயது எண்டது மறந்து போச்சு. சோத்துப் பெட்டியோட மேசைக்குக் கீழ போயிட்டன். பார்த்தால் அங்க எனக்கு முதலே ஒரு மனுசி குந்திக்கொண்டிருக்கிறா. வலப்பக்கத்து மெஷின் பர்மாக்காரி, மா டின். அவ என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. நானும் பிடிச்சன். மேல மற்ற ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை. மனேஜர் றொன் குனிஞ்சு பார்த்து, இது சும்மா சோதிச்சுப் பார்க்கிறது, சூறாவளி வந்தால் ஊதுற சைரன், பயப்பிடாதேங்கோ எண்டார்.

"உண்மையா ஊதினால் நாங்கள் எங்க போறது?" எண்டு கேட்டன்.

"புத்தகத்தில இருக்கு" எண்டார்.

புத்தகம் அறுபது பக்கம். எல்லாம் இங்கிலீஷ். எங்கட ஷிஃப்டில தொண்ணூற்றி நாலு பேர். அதை வாசிக்கக் கூடியவை இருபது பேர் இருப்பினம்.

மா டின்னுக்கு வந்த இங்கிலீஷ் கொஞ்சம். அண்டைக்கு அவ சொன்னா: "நான் ரெஃப்யூஜி. தாய்லாந்துக் கேம்ப். ஒன்பது வருசம். நீ?" இரத்தம் என்ன குரூப் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா. வெக்கமுமில்லை, பெருமையுமில்லை. நான் சொன்னன்: "பதின்மூண்டு வருசம்." இருபது வருசத்தில, வெளி ஆள் ஒருத்தருக்கு அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். ரெண்டாவது தரம் இந்தக் கடிதம்.

வள்ளி


அல் குசைஸ்
28 ஏப்ரல் 2024

என் வள்ளிக்கு,

உன் கடிதம் வந்து நாளாச்சு. முதல்ல எனக்குப் பேனா எடுக்கத் தெம்பில்ல. அப்புறம் பெரிய மழை வந்துடுச்சு. பதினாறாம் தேதி ஒரு நாள் மழை, ஊரே தண்ணி. நம்ம பில்டிங் பார்க்கிங்ல கார் கூரை மட்டும் தெரிஞ்சுது. நாலு நாள் லிஃப்ட் இல்ல, தண்ணி இல்ல. மூணாவது மாடி எகிப்துக்காரரும் பங்களாதேஷ் பசங்களும் குடிதண்ணியை ஏழு மாடிக்கும் தலைச்சுமையா ஏத்தினாங்க. பிரபாவதி மொத்த ஃப்ளோருக்கும் கஞ்சி வச்சா. நான் பாத்திரத்தைத் தூக்கிட்டுக் கதவு கதவா தட்டினேன். இருபத்திரண்டு வருஷத்துல அந்த பில்டிங்ல யார் யார் இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

இப்ப நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்.

அந்த நவராத்திரி எனக்கு நினைவிருக்கு. நினைவில்லன்னு எழுதலாம்னு பார்த்தேன், பொய். அந்த வார்த்தையைச் சொன்னதும் சரி, எல்லாரும் சிரிச்சதும் சரி, எனக்கு நல்லா இருந்துச்சு. உன் முகத்தை நான் பார்க்கல. பார்த்திருக்கணும்.

அதை விடப் பெருசு ஒண்ணு. எங்க ஸ்கூல் பஸ் உங்க முகாம் வழியாத்தான் போகும், வள்ளி. அந்த இடம் வந்தா பெரிய பொண்ணுங்க ஜன்னல் ஷட்டரை இறக்கி மூடுவாங்க. ஏன்னு யாரும் சொல்லல. நாங்களும் இறக்குவோம். ரோட்டோரத்துல பிளாஸ்டிக் குடத்தோட சின்னப் பொண்ணுங்க நிக்கும், எங்க பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டும். அதுல ஒண்ணு நீயா இருந்திருக்கலாம். அந்த ஜன்னல்ல என் கையும் இருந்துச்சு. உனக்கு நான் திருச்சியைச் சொல்லிக் கொடுத்தேன் பாரு, அதை நினைச்சா என் மேலயே எனக்கு எரிச்சலா வருது.

மன்னிச்சுக்கோ. இதுக்கு மேல அலங்காரமா எழுத எனக்குத் தெரியல.

உன் சைரன் விஷயத்துக்கு வர்றேன். அதைப் படிச்சதும் எனக்கு ஆஃபீஸ் மூளை முழிச்சுக்கிச்சு. நான் இங்க பதினாலு வருஷமா கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில டாக்குமென்ட் கன்ட்ரோலர். எங்க சைட்டுல வெயில்ல எப்படித் தண்ணி குடிக்கணும்ங்கற போர்டையே ஆறு மொழியில வைக்கறோம். மொழி தெரியாதவங்களுக்குப் படம். காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிக்க வச்சுப் பேசுவோம். அமெரிக்காவுல அறுபது பக்கப் புத்தகம்னா சிரிப்பா வருது.

இதோட ஒரு தாள் வச்சிருக்கேன். அஞ்சே படம். சைரன் ஊதுது. மெஷினை நிறுத்து. ஜன்னல் இல்லாத நடைபாதைக்குப் போ. சுவரைப் பார்த்துக் குந்தித் தலையை மூடு. தலையை எண்ணு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இடம் விட்டிருக்கேன். உன் ஆளுங்க அவங்கவங்க கையெழுத்துல எழுதட்டும். அச்சடிச்ச எழுத்தை விட அதுதான் நிக்கும். சைட்டுல நான் பார்த்தது.

கடைசியா ஒரு செய்தி. அவர் கம்பெனியில அவர் டிபார்ட்மென்ட்டையே மூடறாங்க. செப்டம்பரோட சரி. ஐம்பத்தி நாலு வயசுல இனிமே யார் வேலை தரப் போறா, திருச்சிக்குப் போயிடலாம்ங்கறார். ரக்ஷிதாவுக்கு அடுத்த வருஷம் பத்தாவது. என் விசாவும் அவர் பேர்லதானே இருக்கு. ஒண்ணும் தோணல.

ஷியாமளா


ஃபோர்ட் வேன்
19 மே 2024

அன்புள்ள அக்கா,

ஜன்னலை இறக்கின கதையை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். இவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருக்கா வாசிச்சுப்போட்டு, "அதை எழுதுறதுக்கு ஒரு தைரியம் வேணும்" எண்டார். எனக்கும் அதுதான். இனி இந்தக் கதையை நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கத் தேவையில்லை. நான் ஒளிச்சதுக்கும் நீங்கள் சொன்னதுக்கும் சரி.

தாள் வந்தது. மா டின் பர்மிய எழுத்தில எழுதினா, வட்டம் வட்டமாய்க் கோலம் போட்ட மாதிரி. அஸ்கர் அலி தன்ர பாஷையில. கொங்கோக்காரர் பிரெஞ்சிலயும் சுவாஹிலியிலயும். ஸ்பானிஷ், உக்ரைன், என்ர தமிழ், எல்லாமாய் ஏழு மொழி. சாப்பாட்டு அறைச் சுவரில ஒட்டினம். ரெண்டாம் நாள் றொன் கழட்டிப்போட்டார். தலைமை ஒபிஸ் அனுமதியில்லாமல் ஒண்டும் ஒட்டக்கூடாதாம், எனக்கு எழுத்தில எச்சரிக்கையும் தந்தவர். கெட்ட மனுசன் இல்லை, பயந்த மனுசன்.

நான் நிப்பாட்டேல்லை. சுவரில ஒட்டக்கூடாது எண்டால் சோத்துப் பெட்டியில வைக்கலாம்தானே. எல்லாருக்கும் ஒரு கொப்பி குடுத்தம். சாப்பாட்டு நேரத்தில பத்துப் பத்துப் பேராய்க் கூட்டிக்கொண்டு போய் நடைபாதையைக் காட்டினம். "யல்லா, யல்லா" எண்டு நான் அரபியில அவசரப்படுத்த அவசரப்படுத்த மெக்சிக்கோக்காரியள் சிரிக்கிறாளவை. இப்ப அவையளும் யல்லா எண்டுதான் சொல்லுறவை. இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை போகும் எண்டு இவர் பயப்பிடுறார். போனால் வேற ஃபக்டரி.

இப்ப உங்கட விசயம். ஒண்டும் தோணல எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்குத் தோணுது. பதினாலு வருசமாய் அந்தக் கொம்பனியின்ர படம், கடிதம், அனுமதி எல்லாம் உங்கட தலைக்குள்ள இருக்கு. நீங்கள் கணவற்ற விசாவில இருந்துகொண்டு வேலை செய்யிறதால கொம்பனிக்கு விசாச் செலவில்லை, லாபம், கேட்டீங்களோ? கொம்பனி விசா தாங்கோ எண்டு கேளுங்கோ. கிடைச்சால் அண்ணாவையும் பிள்ளையையும் நீங்கள் ஸ்பொன்சர் பண்ணலாம். துபாயில பொம்பிளையள் செய்யிறவைதானே. அடுத்த ஃபிளாட்டில இருந்த நேர்ஸ் நீலா தன்ர புருசனை அப்பிடித்தானே கூப்பிட்டவா.

வள்ளி


அல் குசைஸ்
9 ஜூன் 2024

வள்ளி,

கேட்டேன். சின்னக் கடிதம்தான், மனசு சரியில்ல.

எங்க புராஜெக்ட் மேனேஜர் ஹானி, லெபனான்காரர். நல்லவர்தான். "கம்பெனி விசாவா? எதுக்கு ஷியாமளா, உனக்குத்தான் புருஷன் விசா இருக்கே?"ன்னார். "செப்டம்பர் வரைக்கும்தான் இருக்கு"ன்னேன். "பார்க்கலாம், இன்ஷா அல்லா"ன்னு ஃபைலைப் புரட்ட ஆரம்பிச்சுட்டார். அந்த இன்ஷா அல்லாவுக்கு என்ன அர்த்தம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுல ரக்ஷிதா அப்பாகிட்ட இதைச் சொன்னேன். கோபப்படல. அதுதான் கஷ்டமா இருக்கு. "உன் பேர்ல நான் இருக்கறதா?"ன்னு மெதுவாக் கேட்டுட்டு பால்கனிக்குப் போயிட்டார். இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் என் பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு அலைஞ்சவர். அவரைத் தலைகுனிய வச்சுட்டேனோன்னு இருக்கு. திருச்சிக்கே போயிடலாம்னும் ஒரு பக்கம் தோணுது. ரக்ஷிதாவுக்குத் தமிழ் எழுத வராது, அங்க எந்த ஸ்கூல்ல சேர்ப்பேன்?

நீ இருந்தா கிச்சன்ல நின்னுட்டு ரெண்டு வார்த்தை பேசியிருப்போம்.

ஷியாமளா


ஃபோர்ட் வேன்
30 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

சைரன் ஊதிட்டுது. உண்மையாய்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஞ்சு மணி. வானம் பச்சையாய் வந்தது. அப்பிடி ஒரு வானத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. றொன் மற்றக் கட்டடத்தில. சூப்பவைசர் லீவு. சைரன் தொடங்கினவுடன் வழமை மாதிரிச் சோதினை எண்டு நினைச்சுக் கனபேர் தைச்சுக்கொண்டே இருந்தவை. என்ர கால் மேசைக்குக் கீழ போகத்தான் பார்த்துது. மா டின்னைப் பார்த்தன். அவ என்னைப் பார்த்தா. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில மெஷினை நிப்பாட்டினம்.

நான் கதிரையில ஏறி நிண்டு "கலாஸ்! ஸ்டொப்! யல்லா! கொரிடோர்!" எண்டு கத்தினன். மா டின் தன்ர ஆக்களுக்குக் கத்தினா. கொங்கோக்காரர் மேசையில தட்டினார். பிறகு நான் ஒண்டும் செய்யத் தேவையிருக்கேல்லை. மெஷின் ஒவ்வொண்டாய் நிண்டுது. தள்ளுப்படாமல் வரிசையாய் நடந்து வந்து, சுவரைப் பார்த்துக் குந்தித் தலையை மூடிச்சினம். கடைசிப் படம் தலையை எண்ணுறது. எண்ணினன். தொண்ணூற்றி மூண்டு. திரும்ப எண்ணினன். தொண்ணூற்றி மூண்டு.

"வெட்டுற மெஷின்!" எண்டு அஸ்கர் அலி எழும்பினார். அங்க ஒரு உக்ரைன் வயோதிபர் காதில சத்தம் கேக்காத மூடியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யிறவர். போகாதேங்கோ எண்டு சொல்ல முதல் அஸ்கர் அலி ஓடிட்டார். அந்த ரெண்டு நிமிசம் எனக்கு எவ்வளவு நீளம் எண்டு எழுதத் தெரியேல்லை. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்து குந்தவும் வெளியால ஒரு சத்தம். லொறி நிக்கிற பக்கத்துக் கூரையைக் காத்து அப்பிடியே உரிச்சுக்கொண்டு போச்சுது. வெட்டுற மெஷினுக்கு மேல கண்ணாடியும் தகரமும். சூறாவளி ஊருக்கு வெளியால போனதாம். எங்களுக்கு வந்தது அதின்ர வால்தான்.

ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

றொன் நனைஞ்சுபோய் ஓடி வந்தார். தொண்ணூற்றி நாலு பேர் வரிசையாய்க் குந்திக்கொண்டிருந்ததைக் கண்டு வாசலிலயே நிண்டிட்டார். "யார் சொன்னது உங்களுக்கு?" எண்டார். மெக்சிக்கோக்காரி ஒருத்தி சோத்துப் பெட்டியைத் திறந்து உங்கட தாளை எடுத்துக் காட்டினா.

வெள்ளிக்கிழமை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டவை. தலைமை ஒபிசில இருந்தும் ஒரு அம்மா வந்திருந்தா. நன்றி சொன்னவை. தாளை எல்லாச் சுவரிலயும் போடப்போகினமாம். நான் சொன்னன்: மூண்டு விசயம். ஒண்டு, தாளில அதைச் செய்த எல்லாரின்ர பேரும் வரவேணும், துபாயில இருக்கிற ஒரு ஆளின்ர பேரும். ரெண்டு, புதுசாச் சேருற ஆக்களுக்கு மெஷினைத் தொட முதல் அவையின்ர பாஷையில அரை மணித்தியாலம் சொல்லிக்குடுக்க வேணும். மூண்டு, அதை நான் செய்யிறன், ஆனால் அது வேலை நேரம், உபகாரம் இல்லை. றொன் என்ர முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டா. எச்சரிக்கைக் கடிதத்தையும் என்ர கோப்பில இருந்து எடுக்கச் சொன்னன். அது நாலாவது. அதையும் எழுதிக்கொண்டா. எல்லாத்துக்கும் ஓம் எண்டு நேற்று ஃபோன் வந்தது.

உங்கட கடிதம் இதுக்கிடையில வந்தது. அக்கா, நீங்கள் கேட்டது இனாம் மாதிரி. நான் முதல், எங்க போறது எண்டு றொன்னிட்டக் கேட்டதும் அப்பிடித்தான். அதுதான் புத்தகத்தைப் பார் எண்டு விட்டவர். திரும்பப் போங்கோ. நீங்கள் இல்லாட்டில் அவையளுக்கு என்ன நடக்கும் எண்டதை முன்னால வைச்சுக் கதையுங்கோ.

அண்ணாவைப் பற்றி: அவர் தலைகுனிஞ்சார் எண்டு நீங்களாய் முடிவெடுக்காதேங்கோ. பால்கனிக்குப் போற ஆம்பிளையள் எல்லாரும் அழுறதுக்குப் போறதில்லை. யோசிக்கவும் போறவை.

வள்ளி


அல் குசைஸ்
11 ஆகஸ்ட் 2024

என் வள்ளிக்கு,

உன் கடிதத்தை அவருக்கும் ரக்ஷிதாவுக்கும் சத்தமா வாசிச்சேன். தொண்ணூத்தி மூணுன்னு வந்த இடத்துல ரக்ஷிதா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. முடிச்சதும் அவர், "என்ன பொண்ணும்மா அவ"ன்னார். அப்புறம் சட்டுனு, "நீ நாளைக்கு ஹானியைப் பார்க்கப் போறியா?"ன்னு கேட்டார்.

போனேன். இந்தத் தடவை கெஞ்சற முகத்தோட போகல. மூணு சைட்டுல நடக்கற வேலையோட கட்டட வரைபடப் பட்டியலை எடுத்துட்டுப் போய் மேஜையில வச்சேன். "இதுல எந்தப் படம் கடைசியாத் திருத்தினது, எதை சைட்டுலேருந்து திரும்ப வாங்கணும், எதுக்கு முனிசிபாலிட்டி பதில் வரல, என்னைத் தவிர யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. செப்டம்பர் முப்பதோட நான் ஊருக்குப் போறேன். ஹேண்ட்ஓவர் யாருக்குக் கொடுக்கணும்?"னேன்.

ஹானி பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ என்னை மிரட்டறியா?"

"இல்ல சார். தகவல் சொல்றேன்."

பட்டியலை மூடி வச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சார், வள்ளி. விசா வேலை பார்க்கற பி.ஆர்.ஓ.வை ஃபோன்ல கூப்பிட்டு அரபியில ஏதோ சொன்னார். எனக்குப் புரிஞ்சது என் பேரும் "புக்ரா"வும்தான். நாளைக்குன்னு அர்த்தம். இந்த ஊர்ல நாளைக்குன்னா நாளைக்கு இல்லன்னு நமக்குத் தெரியும். ஆனா மறுநாள் காலையில பி.ஆர்.ஓ. என் சீட்டுக்கே வந்து பாஸ்போர்ட் கேட்டார்.

போன வாரம் என் விசா வந்துடுச்சு. நேத்து அவரையும் ரக்ஷிதாவையும் என் பேருக்கு மாத்த, விசா ஃபார்ம் அடிச்சுத் தர்ற டைப்பிங் சென்டருக்குப் போனோம். கவுன்ட்டர்ல இருந்தவர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர். ஃபார்மை அவர் பக்கம் திருப்பி, "ஸ்பான்சர் சார்தானே?"ன்னு கேட்டுக்கிட்டே டைப் அடிக்க ஆரம்பிச்சார். நான் திரும்பி ரக்ஷிதா அப்பாவைப் பார்த்தேன். வீட்டுல அவர் சம்மதிச்சது வேற, நாலு பேர் முன்னாடி கேக்கறது வேற. பின்னாடி வரிசையில ஆள் நிக்குது.

ரக்ஷிதா அப்பா கவுன்ட்டர் பக்கம் குனிஞ்சு சொன்னார்: "இல்லீங்க. இனிமே மேடம்தான் எனக்கு ஸ்பான்சர், என் கஃபீல்."

கலீலுர் ரஹ்மான் நிமிர்ந்து பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே அடிச்சதை அழிச்சார். "சார் தொழில் என்னன்னு போடட்டும்?"

"சமையல்னு போடுங்க. காலையிலேருந்து நான்தான் செய்யறேன்."

வரிசையில நின்ன பாகிஸ்தானிக்குத் தமிழ் தெரியாது, எல்லாரும் சிரிக்கறாங்கன்னு அவரும் சிரிச்சார். ரக்ஷிதா, "அம்மா, அப்போ இனிமே நீதான் எங்க பாஸா?"ன்னா. என் கண்ணுல தண்ணி நிக்குதுன்னு அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஃபார்மையே பார்த்துட்டிருந்தேன்.

உன்கிட்ட ஒருநாள் பொறாமையா எழுதினேன். இப்பவும் என்னால எங்க ஊருன்னு முழுசாச் சொல்ல முடியாது, விசான்னா விசாதான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கணும். ஆனா கேக்கத் தெரிஞ்சுடுச்சு.

ஸ்பான்சர்னு போட்ட கட்டத்துல விரல் வச்சுக் காட்டினார் கலீலுர் ரஹ்மான். என் பேரைத் தமிழ்லயே எழுதினேன், முழுசா. இன்னைக்கு என் ஒரு கையெழுத்துல மூணு பேர் இந்த ஊர்ல இருக்கோம்.

ஷியாமளா கோபாலசாமி